புது ரவுட்டர் மாட்டியதும் பிரிண்டர், சிசிடிவி வேலை செய்யலையா? செய்ய வேண்டியது இதுதான்!

மாடியில் வைஃபை சிக்னல் வரவில்லை என்று கடைக்குப் போய் ஒரு புது ரவுட்டர் வாங்கி வருகிறோம். பழைய பெட்டியிலிருந்து ஒரு கேபிளை இழுத்து அதில் சொருகுகிறோம். இன்டர்நெட் சூப்பராக வருகிறது. ஆனால் மாடியில் இருந்து பிரிண்ட் கொடுத்தால் கீழே இருக்கும் பிரிண்டர் 'ஆஃப்லைன்' என்கிறது. ஹாலில் உள்ள கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைல்களைத் திறக்க முடியவில்லை. சிசிடிவி ரெக்கார்டரையும் போனில் பார்க்க முடியவில்லை. ரவுட்டர் பழுதா? இல்லவே இல்லை. இணைத்த முறையில்தான் சிக்கல்.

என்னதான் நடக்கிறது?

ஃபைபர் இணைப்பு கொடுக்கும்போது சுவரில் மாட்டிவிட்டுப் போகிறார்களே ஒரு பெட்டி, பெரும்பாலான வீடுகளில் அதுவே ஒரு ரவுட்டர்தான். வீட்டில் உள்ள ஒவ்வொரு போன், கம்ப்யூட்டர், டிவிக்கும் அதுதான் ஐபி முகவரி கொடுக்கிறது. ஒரு தெருவில் வீடுகளுக்கு கதவு எண் கொடுப்பது மாதிரி. இந்த வேலைக்குப் பெயர் டிஎச்சிபி.

புது ரவுட்டரும் இதே வேலையைச் செய்யத்தான் கடையிலிருந்து வருகிறது. கேபிளை அதன் 'வான்' போர்ட்டில் சொருகியதும், அது தனக்குப் பின்னால் தனியாக இன்னொரு தெருவை உருவாக்கிவிடும். கீழே 192.168.1 என்று தொடங்கும் எண்கள், மேலே 192.168.0 என்று தொடங்கும் எண்கள். மேலே இருப்பவர்கள் இன்டர்நெட்டுக்குப் போகலாம். ஆனால் பக்கத்துத் தெருவில் இருக்கும் பிரிண்டரை போனால் தானாகக் கண்டுபிடிக்க முடியாது. இதை 'டபுள் நாட்' என்பார்கள். சில ஆன்லைன் கேம்கள், ஆபீஸ் விபிஎன் தடுமாறுவதற்கும் இது ஒரு காரணம்.

போனிலேயே செக் பண்ணலாம்

வைஃபை செட்டிங்ஸில் இணைந்திருக்கும் பெயரைத் தொட்டால் ஐபி முகவரி தெரியும். மாடியில் ஒரு முறை, கீழே ஒரு முறை பாருங்கள. முதல் மூன்று எண்களும் ஒன்றாக இருந்தால் பெரும்பாலும் ஒரே நெட்வொர்க். வேறு வேறாக இருந்தால் வீட்டுக்குள் இரண்டு நெட்வொர்க் ஓடுகிறது என்று அர்த்தம்.

சுலபமான வழி: ஆக்சஸ் பாயின்ட் மோட்

இப்போது வரும் பல ரவுட்டர்களில் 'ஆக்சஸ் பாயின்ட் மோட்' என்ற ஆப்ஷன் இருக்கும். அதைத் தேர்வு செய்தால் போதும். புது ரவுட்டர் முகவரி கொடுக்கும் வேலையை விட்டுவிட்டு, வைஃபை சிக்னல் தருவதை மட்டும் பார்த்துக்கொள்ளும். கீழே இருக்கும் பிரிண்டரும் கம்ப்யூட்டரும் மாடியிலும் தெரியத் தொடங்கும்.

அந்த ஆப்ஷன் இல்லையா?

கவலை வேண்டாம், நாமே செய்துவிடலாம். ஆனால் வரிசை முக்கியம்.

1. புது ரவுட்டரை பழைய பெட்டியுடன் இணைக்காமல், முதலில் லேப்டாப்புடன் மட்டும் கேபிளில் இணையுங்கள்.

2. அதன் செட்டிங்ஸ் பக்கத்துக்குப் போய் ஐபி முகவரியை மாற்றுங்கள். பழைய பெட்டி 192.168.1.1 என்றால் புதியதுக்கு 192.168.1.2 கொடுக்கலாம். பழைய பெட்டி மற்ற சாதனங்களுக்குக் கொடுக்கும் எண்களின் பட்டியலில் இந்த எண் இருக்கக் கூடாது. ஒரே எண் இரண்டு பேருக்குப் போனால் மோதல்தான்.

3. புது முகவரியில் மீண்டும் உள்ளே போய் வைஃபை பெயர், பாஸ்வேர்டை அமைத்துவிட்டு, கடைசியாக டிஎச்சிபியை ஆஃப் செய்யுங்கள். ஒரு வீட்டு நெட்வொர்க்கில் முகவரி கொடுக்க ஒருவர் போதும்.

4. இப்போது பழைய பெட்டியின் 'லான்' போர்ட்டிலிருந்து கேபிளை எடுத்து, புதியதிலும் 'லான்' போர்ட்டில் சொருகுங்கள். 'வான்' போர்ட் காலியாகவே இருக்கட்டும்.

வைஃபை பெயர் என்ன வைப்பது?

இரண்டிலும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு, ஒரே வகை பாதுகாப்பு வைத்துவிட்டால் மாடிக்குப் போகும்போது போன் தானாக மாறிக்கொள்ளும். 2.4 கிகாஹெர்ட்ஸில் சேனல் மட்டும் வேறாக இருக்கட்டும். 1, 6, 11 ஆகிய மூன்றும் ஒன்றோடொன்று மோதாது. பழையது 1 என்றால் புதியதுக்கு 6 அல்லது 11.

வேகம் குறையுதா? கேபிளைப் பாருங்க

300 எம்பிபிஎஸ் பிளான் போட்டும் 95-ஐத் தாண்டவில்லையா? விலை குறைந்த சில ரவுட்டர்களின் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். வாங்கும் முன் 'கிகாபிட் போர்ட்' இருக்கிறதா என்று கேளுங்கள். கேபிள் 'கேட் 5இ' அல்லது 'கேட் 6' ஆக இருக்கட்டும். 100 மீட்டர் வரை இது தாங்கும். உள்ளே இருக்கும் 8 வயர்களில் ஒன்று விட்டுப்போனாலும் வேகம் 100-க்கு இறங்கிவிடலாம்.

இதை மட்டும் செய்யாதீங்க

எதுவும் வேலை செய்யவில்லை என்று கோபத்தில் ஃபைபர் பெட்டியின் ரீசெட் ஓட்டையில் பின்னைக் குத்திவிடாதீர்கள். நிறுவனம் போட்டுவைத்த இணைப்பு விவரங்கள் அழிந்தால், ஆள் வரும் வரை வீட்டில் இன்டர்நெட்டே இருக்காது. புது ரவுட்டரை ரீசெட் செய்வதில் பிரச்சினை இல்லை.

புதியதையே முதன்மை ரவுட்டராக வைக்க விரும்பினால், பழைய பெட்டியை 'பிரிட்ஜ் மோட்'டுக்கு மாற்றித் தரச் சொல்லி இணைப்பு தரும் நிறுவனத்திடம் கேளுங்கள். அதே பெட்டியில் லேண்ட்லைன் போனும் ஓடுகிறது என்றால், அது தொடர்ந்து வேலை செய்யுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

கடைசியாக ஒன்று

வைஃபை பாஸ்வேர்டு வேறு, ரவுட்டரின் செட்டிங்ஸுக்குள் நுழையும் அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதை மாற்ற பலரும் மறந்துவிடுகிறார்கள். 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ் உலகம் முழுவதும் லட்சக்கணக்கான கேமராக்களையும் ரவுட்டர்களையும் கைப்பற்றியது, கம்பெனி வைத்த பாஸ்வேர்டை யாரும் மாற்றாமல் விட்டதால்தான். உங்கள் சிசிடிவியும் இதே நெட்வொர்க்கில்தான் இருக்கிறது. எனவே புது ரவுட்டரை மாட்டிய கையோடு அந்த பாஸ்வேர்டையும் மாற்றிவிடுங்கள்.