மூன்றில் ஒரு பங்கு யாருடையது?

பல்கலைக் கழகம் வந்தால் பக்கத்து ஊரெல்லாம் வளரும் என்பார்கள். சாலை வரும், விளக்கு வரும், கடை வரும், கல்வி வரும் என்பார்கள். வரட்டும், வேண்டாம் என்று யார் சொன்னது? நாம் கேட்பது ஒன்றே ஒன்று: வந்தது யாருக்கு?

கோவையைச் சுற்றிக் கல்விக் கூடங்களுக்குப் பஞ்சமில்லை. 1971-இல் வேளாண்மைப் பல்கலைக் கழகம். 1982-இல் மருதமலைச் சாலையில் பாரதியார் பல்கலைக் கழகம். அதற்கு நிலம் கொடுத்த உழவர்கள் கூடுதல் இழப்பீடு கேட்டு ஆண்டுக்கணக்கில் வழக்காடிய கதையும் நாடறிந்ததுதான். நம் சோமனூர்ப் பக்கத்தில், கருமத்தம்பட்டியைச் சுற்றியும் பொறியியல் கல்லூரிகள் எழுந்திருக்கின்றன. காலையில் அவற்றின் பேருந்துகள் வரிசையாகப் போகின்றன. இராப்பொழுது முழுதும் தறி ஓட்டிய தொழிலாளி ஓரமாக ஒதுங்கி வழி விடுகிறான். அந்தப் பேருந்துக்குள் இருக்கும் அறிவு, ஒதுங்கி நிற்கும் இவன் தெருவுக்கு என்ன செய்தது?

ஒன்றும் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். 1969-இல் காந்தியார் நூற்றாண்டையொட்டி நாட்டு நலப்பணித் திட்டம் பிறந்தது. மாணவர்கள் ஏழு நாள் முகாமிட்டு, மண்வெட்டி பிடித்து, பள்ளிச் சுவருக்கு வெள்ளையடிக்கிறார்கள். நல்ல பிள்ளைகள். எட்டாம் நாள் நிழற்படம் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். சாக்கடை மட்டும் பழைய இடத்திலேயே தேங்கி நிற்கிறது! 2014-இல் மத்திய அரசு உன்னத் பாரத் அபியான் என்றொரு திட்டம் கொண்டு வந்தது. பெயர் நம் நாவில் நுழைய மறுத்தாலும் நோக்கம் நல்லதே: உயர்கல்வி நிறுவனம் ஒவ்வொன்றும் ஐந்து சிற்றூர்களைத் தத்தெடுக்க வேண்டும், குறைகளைக் கணக்கெடுக்க வேண்டும், தீர்வு காண வேண்டும். அப்படித் தத்தெடுக்கப்பட்ட ஊர் எது, எடுத்த கணக்கு எங்கே என்று அந்த ஊர்க்காரனைக் கேட்டுப் பாருங்கள்; அவனுக்கே தெரியாது!

அறிவு ஒரு பக்கம் இருக்கட்டும். பணம் எங்கிருந்து வரும்?

தமிழகத்தில் இதற்கொரு வழி உண்டு. 1997-இல் தொடங்கிய 'நமக்கு நாமே' திட்டத்தைத்தான் சொல்கிறோம். 2011-இல் ஆட்சி மாறியபோது அது 'தன்னிறைவுத் திட்டம்' ஆயிற்று. 2021-இல் மீண்டும் பழைய பெயரோடு வந்தது. அதன் கணக்கு எளிது. மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை மக்கள் கட்டினால், மீதியை அரசு தரும். ஒன்பது இலட்சத்தில் பள்ளிக்கு ஒரு வகுப்பறை என்றால் ஊர் மூன்று இலட்சம், அரசு ஆறு இலட்சம். ஊரகப் பகுதியில் ஆதிதிராவிடர், பழங்குடியினர் வாழும் குடியிருப்புக்கு ஐந்தில் ஒரு பங்கு போதும் என்று வைத்தார்கள்.

மக்களே தங்கள் ஊருக்குக் கொடுப்பது தமிழனுக்குப் புதிதல்ல. 1958 முதல் காமராசர் ஆட்சியில் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடந்தன. கல்வித் துறையில் நெ. து. சுந்தரவடிவேலு அதற்கு உந்துவிசையாக இருந்தார். கரும்பலகை கொடுத்தவர் உண்டு, நாற்காலி கொடுத்தவர் உண்டு, நிலமே கொடுத்தவரும் உண்டு.

ஆனால் தோழர்களே, அந்த மூன்றில் ஒரு பங்கு யாருடைய பையிலிருந்து வருகிறது என்று பாருங்கள். கல்லூரிக்குப் பக்கத்தில் விடுதி கட்டி வாடகை வாங்குகிறவர்கள் வாழும் தெரு ஒரே வாரத்தில் பணத்தைத் திரட்டிவிடும். அரசின் இரு பங்கும் அங்கே போகும். கூலிக்கு நெய்யும் தறிக்காரர் வாழும் தெரு என்ன செய்யும்? 2022-லும் 2025-லும் கூலி உயர்வுக்காகத் தறியை நிறுத்திப் போராடிய ஊர் இது. 'சோமனூர் ரகம்' என்று துணிக்கே தன் பெயரைக் கொடுத்த ஊர்! தறி நின்ற வீட்டில் அடுப்பு எரிவதே பெரும்பாடு. அவனிடம் போய்ச் சாக்கடைக்குப் பங்கு கேட்டால் எதைக் கொடுப்பான்? உள்ளவன் தெருவுக்கு அரசுப் பணம் ஓடும். இல்லாதவன் தெரு 'பங்குத் தொகை வரவில்லை' என்ற குறிப்போடு கோப்பில் உறங்கும். திட்டத்தை நாம் பழிக்கவில்லை. ஓட்டை எங்கே என்று காட்டுகிறோம்.

இன்னொரு ஓட்டையும் உண்டு. வேலையெடுக்க ஆசைப்படும் ஒப்பந்தக்காரர், ஊரார் பெயரில் தாமே பங்கைக் கட்டிவிட முடியும். அப்புறம் அது ஊர் வேலையா, அவர் வேலையா? கட்டியவர் கையிலேயே கட்டடத்தின் தரமும் போய்ச் சேர்ந்துவிடாதா?

தரம் என்ற சொல்லைச் சோமனூரில் விளையாட்டாகச் சொல்ல முடியாது. 2017 செப்டம்பர் 7 அன்று நம் பேருந்து நிலையத்தின் மேற்கூரை இடிந்து விழுந்தது. பேருந்துக்கு நின்றவர்கள் மேல் விழுந்தது. ஐந்து உயிர்கள் போயின. போருமில்லை, பூகம்பமுமில்லை, பொதுப்பணத்தில் எழுந்த கூரை தானாக விழுந்தது! கட்டடக் கலையைப் பாடமாகச் சொல்லித் தரும் கல்லூரிகள் கோவையில் எத்தனை! ஆண்டுக்கொரு முறை மாணவரை அழைத்து வந்து, நீர்த்தொட்டியையும் பள்ளிக் கூரையையும் தட்டிப் பார்த்து, கம்பி துருப்பிடித்திருக்கிறதா என்று எழுதிக் கொடுத்தால் அதுவல்லவா தத்தெடுப்பு? வெள்ளையடிக்கச் சுண்ணாம்பு எங்களிடமே இருக்கிறது.

கடல் கடந்த செய்தி ஒன்று. நியூயார்க்கில் கொலம்பியா பல்கலைக் கழகம் மேற்கு ஹார்லெமில் 17 ஏக்கரில் விரிவடைய முனைந்தது. அங்கே வாழ்ந்தவர்கள் எதிர்த்தார்கள், கூட்டம் போட்டார்கள், பேச்சு நடத்தினார்கள். 2009-இல் ஒப்பந்தம் கையெழுத்தானது: பகுதி மக்களின் நன்மைக்கென 15 கோடி டாலர். அதில் 7 கோடியே 60 இலட்சம் ஒரு நிதியாக, உள்ளூர்க்காரர்களின் அமைப்பு வழியே அங்குள்ள சங்கங்களுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. குடிபெயர்ந்தவர் துயரம் இதனால் தீர்ந்துவிட்டதா என்று கேட்பவர்கள் அங்கேயும் உண்டு; கேட்பதில் நியாயமும் உண்டு. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அங்கே மக்களிடம் மூன்றில் ஒரு பங்கு கேட்கவில்லை. பெரிய நிறுவனம் கொடுத்தது, சிறிய மக்கள் பெற்றார்கள்.

இங்கேயும் அப்படிக் கேட்கச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 2013-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், ஆண்டுக்கு ஐந்து கோடி நிகர இலாபம் காணும் நிறுவனம் தன் சராசரி இலாபத்தில் நூற்றுக்கு இரண்டைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. தான் தொழில் நடத்தும் பகுதிக்கு முன்னுரிமை கொடு என்றும் சொல்கிறது. ஏழைத் தெருவின் பங்கை அந்தப் பணத்திலிருந்து கேட்போம். உழைப்பையும் பங்காக எண்ணச் சொல்வோம்: ஒரு நாள் தறியை விட்டுவிட்டுக் கால்வாய் வெட்டுகிறவன் கொடுப்பது ஒரு நாள் கூலியல்லவா?

கேட்கும் இடம் பகுதி சபை. 2022 நவம்பர் 1 அன்று தமிழக நகரங்களில் முதன்முதலாக அது கூடியது. மதிப்பீடு எவ்வளவு, பங்கு கட்டியவர் பெயர் என்ன, வேலை எடுத்தவர் யார், தரத்தைச் சோதித்தவர் யார் என்று அங்கே எழுந்து கேளுங்கள். கேட்டதைக் குறிப்பேட்டில் எழுதச் சொல்லுங்கள். தறிக்காரனுக்கு நேரமேது என்கிறீர்களா? அப்படியானால் முதல் கோரிக்கையே கூட்ட நேரத்தைப் பற்றியதாக இருக்கட்டும்: பகல் ஷிப்டு இறங்கிய பிறகு, மாலை ஏழு மணிக்கு.