ஐந்து சோதனைகளிலும் சிக்காத காமாலை

நம் ரத்த வங்கிகளில் கொடையாளர் தரும் ஒவ்வொரு பை ரத்தமும் கட்டாயமாக ஐந்து நோய்களுக்குச் சோதிக்கப்படுகிறது: எச்.ஐ.வி., ஹெபடைட்டிஸ் பி, ஹெபடைட்டிஸ் சி, சிபிலிஸ், மலேரியா. ஹெபடைட்டிஸ் இ அந்தப் பட்டியலில் இல்லை. அது தண்ணீரில் வரும் காமாலைதானே, ரத்தத்தோடு அதற்கென்ன தொடர்பு என்று கேட்கலாம். மருத்துவர்களும் நெடுங்காலம் அப்படித்தான் நினைத்திருந்தார்கள்.

தண்ணீரில் வருவது உண்மைதான். 1955 நவம்பரில் டெல்லியில், யமுனையில் குடிநீர் எடுக்கும் இடம்வரை சாக்கடை ஏறிவிட்டது. குளோரினைக் கூட்டிப் போட்டார்கள். டைபாய்டு கூடவில்லை, காமாலை மட்டும் சுமார் 29,000 பேருக்கு வந்தது. அது ஹெபடைட்டிஸ் ஏ அல்ல என்பது, சேமித்து வைத்திருந்த ரத்த மாதிரிகளைக் கால் நூற்றாண்டு கழித்துப் பரிசோதித்தபோதுதான் தெரிந்தது. 1983இல் ரஷ்ய விஞ்ஞானி மிகைல் பலயான், நோயாளிகளின் மலத்திலிருந்து வடித்தெடுத்த சாற்றைத் தானே குடித்து, காமாலை வந்து படுத்து, புது வைரஸைக் காட்டினார். அதுதான் ஹெபடைட்டிஸ் இ.

திடமான உடம்புக்குப் பெரும்பாலும் இந்த நோய் பெரிய விஷயமில்லை. சில வாரங்களில் தானாகவே போய்விடும். பலருக்கு வந்ததே தெரியாது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வந்தது தெரியாதவர் நல்ல மனதோடு முகாமுக்குப் போய்க் கையை நீட்டுவார். காமாலை வந்ததுண்டா என்று படிவத்தில் கேட்டால், இல்லை என்றுதான் உண்மையாகவே எழுதுவார்.

தென்கிழக்கு இங்கிலாந்தில் 2,25,000 ரத்தக் கொடைகளைச் சோதித்த ஆய்வு 2014இல் வெளியானது. 79 கொடைகளில் வைரஸ் இருந்தது. அந்த ரத்தம் ஏறியவர்களில் 43 பேரைத் தொடர்ந்து கவனித்ததில் 18 பேருக்குத் தொற்று. பிரிட்டன் 2017 முதல் எல்லாக் கொடையையும் இதற்காகச் சோதிக்கிறது. அங்கே பரவுவது பெரும்பாலும் பன்றியிறைச்சி வழியாக வரும் வகை. இங்கே பரவுவது வேறு வகை என்பதால் அந்தக் கணக்கை அப்படியே இங்கே போட முடியாது. ஆனால் ரத்தம் வழியாக இங்கும் தொற்றக்கூடும் என்று 2004இலேயே காஷ்மீர் மருத்துவர்கள் எழுதிவிட்டார்கள்.

யாருக்கு ஏறுகிறது என்பதுதான் பெரிய கேள்வி. சிரோசிஸ், அதாவது கல்லீரல் சுருங்கித் தழும்பேறிய நோயாளிக்கு, உணவுக்குழாயில் புடைத்த ரத்தநாளம் வெடித்து ரத்த வாந்தி வரலாம். அவருக்குத்தான் அடிக்கடி ரத்தம் தேவை. இந்த வைரஸை அவருடைய கல்லீரல்தான் சற்றும் தாங்காது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் 107 சிரோசிஸ் நோயாளிகளைப் பரிசோதித்தார்கள். 30 பேரின் ரத்தத்தில் இந்த வைரஸ் இருந்தது. நான்கு வாரத்துக்குள் அவர்களில் 43 சதவீதம் பேர் இறந்தார்கள். வைரஸ் இல்லாதவர்களில் 22 சதவீதம். ஓராண்டில் அது 70, 30 ஆனது. இவர்களுக்கு வைரஸ் ரத்தத்தால் வந்தது என்று யாரும் சொல்லவில்லை. நம் நாட்டில் முதல் குற்றவாளி இன்றும் தண்ணீர்தான்.

ஆகவே இதைக் காட்டி ரத்தம் ஏற்ற மறுப்பது முட்டாள்தனம். ரத்த வாந்தி எடுப்பவரைக் காப்பாற்றுவது அந்தப் பைதான். கொடையாளர் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. அண்மையில் காய்ச்சலோ, குமட்டலோ, வீட்டில் யாருக்காவது காமாலையோ இருந்தால் முகாமில் சொல்லிவிட வேண்டும். பை வீணாகிறதே என்று யாரும் கோபிக்க மாட்டார்கள்.

கல்லீரல் நோயாளி இருக்கும் வீட்டில் குடிநீர் நன்றாகக் கொதித்து ஆறியதாக இருக்க வேண்டும். சாலையோரச் சர்பத்தும் ஐஸும் அவருக்கு வேண்டாம். சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, பேச்சு குழறினாலோ, கீழாநெல்லி அரைத்துக் கொடுத்துவிட்டுப் பத்து நாள் காத்திருப்பது நம் ஊர் வழக்கம். சிரோசிஸ் நோயாளிக்கு அந்தப் பத்து நாள் கிடையாது. அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோய், ஹெபடைட்டிஸ் இ சோதனை செய்தீர்களா என்று கேளுங்கள்.