லேப்டாப்பில் இருக்கும் பட்டன் செல்போனில் காணாமல் போவது ஏன்? பிரவுசர் குழப்பமும் தீர்வும்!

விண்ணப்பிக்கக் கடைசி நாள். செல்போனிலேயே எல்லாக் கட்டங்களையும் நிரப்பியாச்சு. கீழே வந்து பார்த்தால் ‘சமர்ப்பி’ பட்டனைக் காணோம். அதே பக்கத்தை நண்பரின் லேப்டாப்பில் திறந்தால், பட்டன் பளிச்சென்று இருக்கிறது. நெட் ஸ்லோவா? போன் பழசா? பெரும்பாலும் இரண்டுமே காரணமில்லை.

பக்கத்தை வரைவது யார்?

இணையப் பக்கம் ஒரு போட்டோ போல அப்படியே வந்து சேர்வதில்லை. எது எங்கே, எந்த அளவில் இருக்க வேண்டும் என்ற குறிப்புகள்தான் வருகின்றன. அதைப் படித்துத் திரையில் வரைவது பிரவுசருக்குள் இருக்கும் எஞ்சின். குரோம், எட்ஜ், ஓபரா போன்றவற்றில் ‘பிளிங்க்’, சஃபாரியில் ‘வெப்கிட்’, ஃபயர்பாக்ஸில் ‘கெக்கோ’. குறிப்பு ஒன்றுதான், அதை வரைபவர்கள் மூன்று பேர்.

இந்தியாவில் ஐபோனில் குரோம் வைத்திருந்தாலும் உள்ளே ஓடுவது வெப்கிட்தான். அதனால்தான் ஐபோனில் பிரவுசரை மாற்றினாலும் பல நேரம் அதே கோளாறு தொடர்கிறது.

பழைய ‘50 பிக்சல்’ தகராறு

300 பிக்சல் அகலத்தில் ஒரு பெட்டி. உள்ளே இருபுறமும் தலா 20 பிக்சல் இடைவெளி, 5 பிக்சல் பார்டர். மொத்த அகலம் எவ்வளவு? விதிப்படி 350. ஆனால் விண்டோஸில் இருந்த இன்டர்நெட் எக்ஸ்புளோரர் 5, எல்லாவற்றையும் 300-க்குள்ளேயே அடக்கியது. ஒன்றில் அருகருகே நின்ற பெட்டிகள், இன்னொன்றில் இடம் பத்தாமல் கீழே இறங்கின. எந்த முறையில் கணக்கிட வேண்டும் என்று ‘பார்டர்-பாக்ஸ்’ என்ற ஒரு வரியில் இப்போது சொல்லிவிடலாம்.

பட்டன் எங்கே போனது?

இப்போதைய சிக்கல் உயரத்தில். ‘திரையின் முழு உயரம்’ என்பதை ‘100 விஎச்’ என்று எழுதுவார்கள். கம்ப்யூட்டரில் தொல்லை இல்லை. செல்போனில், அட்ரஸ் பார் சுருங்கிய நிலையில் கிடைக்கும் உயரத்தையே பிரவுசர்கள் கணக்கில் எடுக்கின்றன. பார் விரிந்திருக்கும்போது பக்கத்தின் அடிப்பகுதி திரைக்கு வெளியே போய்விடுகிறது. கடைசியில் இருக்கும் பட்டனும் கூடவே போய்விடும்! பார் விரிவதற்கும் சுருங்குவதற்கும் ஏற்ப மாறும் ‘டிவிஎச்’ அளவு 2022-ல் முக்கிய பிரவுசர்களுக்கு வந்துவிட்டது. பழைய குறிப்பை மாற்றாத தளங்களில்தான் தொல்லை நீடிக்கிறது.

நீங்கள் என்ன செய்யலாம்?

* உடனே ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள். நிரப்பியதெல்லாம் அழிந்துவிடலாம். முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.
* பக்கத்தை மேலே தள்ளிப் பாருங்கள். அட்ரஸ் பார் சுருங்கினால் பட்டன் தெரியக்கூடும்.
* போனைப் படுக்கை வசத்தில் திருப்பிப் பாருங்கள்.
* அப்படியும் வரவில்லையா? மெனுவில் ‘டெஸ்க்டாப் சைட்’ தேர்வு செய்யுங்கள். பக்கம் மறுபடி லோட் ஆகும் என்பதை மறக்க வேண்டாம்.
* ஆண்ட்ராய்டில் குரோமுக்குப் பதில் ஃபயர்பாக்ஸ் முயலலாம். ஐபோன் என்றால் கம்ப்யூட்டருக்குப் போவதே நல்லது.

தளம் நடத்துபவர்களுக்கு ஒரு வார்த்தை: அலுவலக கம்ப்யூட்டரில் சரியாகத் தெரிந்தால் மட்டும் போதாது. மூன்று எஞ்சினிலும், ஒரு சின்ன போனிலும் விண்ணப்பத்தைக் கடைசி பட்டன் வரை நிரப்பிப் பாருங்கள். பட்டன் தெரியாமல் ஒருவர் வாய்ப்பை இழந்தால், அது அவர் தவறல்ல.