லைசென்ஸ் திரும்பி வந்துவிட்டது. இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா?

குடித்துவிட்டு ஓட்டியது, சிவப்பு விளக்கைத் தாண்டியது, செல்போனில் பேசிக்கொண்டே ஓட்டியது: இப்படி ஏதோ ஒரு காரணத்துக்காக லைசென்ஸ் மூன்று மாதம் முடங்கியவர்கள் உங்கள் குடும்பத்திலோ அலுவலகத்திலோ இருக்கக்கூடும். கெடு முடிந்து அட்டை கைக்கு வந்ததும் 'விட்டது சனி' என்று வண்டியை எடுத்துவிடுகிறார்கள். அந்த மூன்று மாதத்தில் வண்டியின் இன்ஷூரன்ஸ் என்ன ஆனது என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை.

அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் இதை அரசே பார்க்கிறது. குடிபோதையிலோ காப்பீடு இல்லாமலோ ஓட்டி உரிமத்தை இழந்தவர் அதைத் திரும்பப் பெற வேண்டுமானால், 'இவருக்குக் காப்பீடு இருக்கிறது' என்று காப்பீட்டு நிறுவனமே போக்குவரத்துத் துறையிடம் சான்று தாக்கல் செய்ய வேண்டும். எஸ்.ஆர்.-22 என்பது அந்தச் சான்றின் பெயர். பல மாநிலங்களில் அது மூன்று ஆண்டுகள் நடப்பில் இருக்க வேண்டும். நடுவில் பிரீமியம் கட்டத் தவறினால் நிறுவனம் அரசுக்குத் தெரிவித்துவிடும். உரிமம் மறுபடியும் முடங்கும். அங்கே வேலைக்குப் போயிருக்கும் நம் பிள்ளைகளுக்கும் இது பொருந்தும்.

நம் நாட்டில் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. உரிமம் ஆளுக்கு உரியது. அதன் விவரம் 'சாரதி' தளத்தில் இருக்கிறது. இன்ஷூரன்ஸ் வண்டிக்கு உரியது. அதன் விவரம் 'வாகன்' தளத்தில் இருக்கிறது. உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும்போது இன்ஷூரன்ஸையும் காட்டச் சொல்லும் நிபந்தனை மோட்டார் வாகனச் சட்டத்தில் இல்லை. ஆகவே அந்தச் சோதனையை நாமேதான் செய்துகொள்ள வேண்டும். செய்யாமல் விட்டால், ஒரே ஒரு விபத்தில் குடும்பத்தின் சேமிப்பு மொத்தமும் போய்விடலாம்.

உரிமத்தை யார் முடக்கலாம்?

போக்குவரத்துக் காவலர் உரிமத்தைக் கைப்பற்றலாம். அதை முடக்கும் அதிகாரம் மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 19-வது பிரிவின்படி உரிமம் வழங்கும் அதிகாரிக்கு, அதாவது ஆர்.டி.ஓ.வுக்கு உரியது. தென்சென்னையில் மந்தைவெளி, திருவான்மியூர், கே.கே.நகர் அலுவலகங்களிலிருந்து இத்தகைய நோட்டீஸ்கள் வரும். அதிவேகம், சிக்னல் மீறல், அதிக பாரம், சரக்கு வண்டியில் ஆள் ஏற்றுதல், குடிபோதை, செல்போன் ஆகிய குற்றங்களுக்குக் குறைந்தது மூன்று மாதம் உரிமத்தை முடக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் அமைத்த சாலைப் பாதுகாப்புக் குழு 2015-ல் எல்லா மாநிலங்களுக்கும் அறிவுறுத்தியது. குடிபோதை வழக்கில் நீதிமன்றமே தண்டித்தால், 20-வது பிரிவின்படி தகுதிநீக்கம் ஆறு மாதத்துக்குக் குறையக் கூடாது.

இதில் உங்களுக்கும் உரிமைகள் உண்டு:

- காவலர் உரிமத்தைக் கைப்பற்றினால் 206-வது பிரிவின்படி ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். அதில் குறித்த தேதி வரை, அல்லது உரிமம் திரும்பி வரும் வரை, எது முந்தியதோ அதுவரை அந்தச் சீட்டோடு ஓட்டலாம். அந்தத் தேதியைப் படிக்காமல் சீட்டைப் பர்சில் மடித்து வைத்துவிட்டுக் கெடு தாண்டியும் ஓட்டுபவர்கள் இருக்கிறார்கள். ஆபத்து அங்கேதான் தொடங்குகிறது.
- முடக்கும் முன் உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். நோட்டீஸ் வந்தால் அலட்சியம் செய்யாதீர்கள்; பதிலை எழுதிக் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள்.
- உத்தரவு தவறு என்று கருதினால் 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம்.
- விபத்து வழக்கில் முதல் தகவல் அறிக்கை பதிவானது என்பதை மட்டுமே வைத்து உரிமத்தை முடக்கிய உத்தரவுகளைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்திருக்கிறது.

முடக்கப்பட்டவர் புத்தாக்கப் பயிற்சியை முடித்தால் மட்டுமே உரிமம் திருப்பித் தரப்படும் என்கிறது 2019 திருத்தச் சட்டம். 'மூன்று மாதம் ஆகிவிட்டதே' என்று நாளை எண்ணி நாமாக வண்டியை எடுக்கக் கூடாது. உரிமம் நடப்புக்கு வந்துவிட்டதா என்று 'சாரதி' தளத்தில் பார்த்த பிறகே சாவியைத் தொட வேண்டும்.

முடங்கிய காலத்தில் ஓட்டினால்

182-வது பிரிவின்படி மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். இதைவிடப் பெரிய இடி இன்ஷூரன்ஸ் பக்கத்திலிருந்து வரும்.

உங்கள் பாலிசியை எடுத்து, 'ஓட்டத் தகுதியுள்ளவர்கள்' என்ற பத்தியைத் தேடிப் பாருங்கள். பொடி எழுத்தில் இருக்கும். விபத்து நேரத்தில் ஓட்டியவரிடம் செல்லுபடியாகும் உரிமம் இருக்க வேண்டும், உரிமம் வைத்திருக்கத் தகுதிநீக்கம் செய்யப்பட்டவராக அவர் இருக்கக் கூடாது என்று அதில் எழுதியிருக்கும். சட்டத்தின் 150-வது பிரிவும் இதே காரணத்தைக் காட்டி நிறுவனம் வாதாட இடம் தருகிறது. 2019 திருத்தம் அந்தப் பட்டியலில் குடிபோதையையும் சேர்த்துவிட்டது.

ஓர் உதாரணம் பார்ப்போம். ஸ்கூட்டர் அப்பா பெயரில் இருக்கிறது. உரிமம் முடங்கிய மகன் 'பக்கத்துத் தெருதானே' என்று எடுத்துப் போகிறான். அப்பாவுக்கும் விஷயம் தெரியும். லஸ் முனையில் சாலையைக் கடக்கும் பெரியவர் மீது வண்டி மோதிவிடுகிறது. தீர்ப்பாயம் 15 லட்சம் ரூபாய் இழப்பீடு விதிக்கிறது என்று வையுங்கள். இத்தகைய வழக்குகளில், பாதிக்கப்பட்டவருக்கு நிறுவனம் முதலில் பணத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு வண்டியின் உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்ற வழியை உச்ச நீதிமன்றம் 2004-ல் சுவரண் சிங் வழக்கில் உறுதிப்படுத்தியது. அதாவது அந்த 15 லட்சத்துக்கான வசூல் நடவடிக்கை அப்பாவின் மீதுதான் வரும். உரிமையாளர் தன் பொறுப்பில் கவனக்குறைவாக இருந்தாரா என்பதையும் அதே தீர்ப்பு பார்க்கச் சொல்கிறது. தெரிந்தே சாவியைக் கொடுத்த அப்பாவுக்கு அங்கே சொல்ல எதுவும் இருக்காது. சொந்த வண்டிச் சேதத்துக்கான கிளெய்மும் நிராகரிக்கப்படும்.

அதே வண்டியைச் செல்லுபடியாகும் உரிமம் உள்ள மனைவியோ தம்பியோ ஓட்டினால் காப்பீடு முழுதாகச் செல்லும். இந்த மூன்று மாதமும் சாவி அவர்கள் கையில் இருக்கட்டும்.

வண்டி சும்மா நின்றாலும் பிரீமியம் கட்டுங்கள்

'ஓட்டப்போவதில்லை, எதற்குக் கட்டணும்?' என்று ரெனியூவலைத் தள்ளிப்போடுவது அடுத்த தவறு. பாலிசி முடிந்து 90 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால், கிளெய்ம் இல்லாத ஆண்டுகளுக்காகச் சேர்ந்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடும். சொந்தச் சேதக் காப்பீட்டின் பிரீமியத்தில் 50 சதவீதம் வரை கிடைக்கும் தள்ளுபடி அது. மூன்று மாத முடக்கமும் இந்த 90 நாளும் கிட்டத்தட்ட ஒரே அளவு. கணக்கு பிசகினால் இரண்டும் சேர்ந்து அடிக்கும். நிற்கும் வண்டிக்கும் சேதம் வரலாம்: சென்னையில் 2015 டிசம்பர் வெள்ளத்திலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் நிறுத்திவைத்த வண்டிகளும் மூழ்கின என்பதை நினைவில் வையுங்கள்.

நம் வண்டியால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கான தர்ட் பார்ட்டி காப்பீடு 146-வது பிரிவின்படி கட்டாயம். அது இல்லாமல் பிடிபட்டால் முதல் முறை 2,000 ரூபாய், அடுத்த முறை 4,000 ரூபாய் அபராதம். மூன்று மாதம் வரை சிறைக்கும் இடமுண்டு. 2022 ஜூனில் நிர்ணயித்த கட்டணப்படி 75 சி.சி.க்கு மேல் 150 சி.சி. வரையுள்ள டூ வீலருக்கு ஆண்டு தர்ட் பார்ட்டி பிரீமியம் 714 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒரு தடவை கட்டும் அபராதத்தில் இரண்டு ஆண்டுப் பிரீமியமே கட்டிவிடலாம். அப்படியிருந்தும் நாட்டில் பதிவான வண்டிகளில் பாதிக்கு மேல் காப்பீடு இல்லாமலே இருக்கின்றன.

பாலிசியில் இரண்டு தேதிகள்

கோவையின் எலும்பு மருத்துவர் டாக்டர் எஸ். ராஜசேகரன் தொடர்ந்த பொதுநல வழக்கில், 2018 செப்டம்பர் 1 முதல் புதிய காருக்கு மூன்று ஆண்டு, புதிய டூ வீலருக்கு ஐந்து ஆண்டு தர்ட் பார்ட்டி காப்பீடு கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. விபத்தில் சிதைந்து வருபவர்களுக்கு அறுவைச் சிகிச்சை செய்யும் ஒரு மருத்துவர் நீதிமன்றப் படியேறி வாங்கித் தந்த பாதுகாப்பு இது.

இதனால் பல பாலிசிகளில் இரண்டு முடிவுத் தேதிகள் இருக்கும்: சொந்தச் சேதத்துக்கு ஓராண்டு, தர்ட் பார்ட்டிக்கு டூ வீலர் என்றால் ஐந்தாண்டு, கார் என்றால் மூன்றாண்டு. முதல் தேதி முடிந்ததும் வண்டிச் சேதத்துக்குக் காப்பு இல்லை. இரண்டாவது தேதியும் முடிந்தபின் எதுவுமே இல்லை. 'வாங்கும்போதே ஷோரூமில் போட்டுக் கொடுத்தாங்களே' என்று சொல்பவர்கள் அந்த இரண்டாவது தேதியை இன்றே பாருங்கள்.

லைசென்ஸ் கைக்கு வந்த நாளில் பார்க்க வேண்டியவை

- எம்பரிவாகன் செயலியில் உரிமத்தின் நிலை, வண்டியின் காப்பீட்டு முடிவுத் தேதி இரண்டையும் பாருங்கள்.
- ஆர்.டி.ஓ. அலுவலக வாசலில் புரோக்கர் அவசரத்துக்குப் போட்டுத் தரும் பாலிசியை நம்பிவிடாதீர்கள். பாலிசி எண்ணை நிறுவனத்தின் இணையதளத்தில் சரிபாருங்கள். போலி என்றால் சட்டத்தின் கண்ணில் உங்களுக்குக் காப்பீடு இல்லை.
- புதுப்பிக்கும் படிவத்தில் பழைய தண்டனை, விபத்து பற்றிக் கேட்டால் உண்மையை எழுதுங்கள். மறைத்தது தெரிந்தால் கிளெய்ம் நேரத்தில் அதுவே எதிராக நிற்கும்.
- ஆவணங்களை டிஜிலாக்கரில் வைத்துக்கொள்ளுங்கள். மின்னணு வடிவில் காட்டினாலும் சோதனையில் ஏற்க வேண்டும் என்று 2018-ல் விதி திருத்தப்பட்டது.

எங்கே முறையிடலாம்?

கிளெய்மை நியாயமில்லாமல் மறுத்தால் முதலில் நிறுவனத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு எழுதுங்கள். ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ ஓராண்டுக்குள் சென்னை தேனாம்பேட்டை அண்ணா சாலையில் உள்ள காப்பீட்டு ஆம்பட்ஸ்மேன் அலுவலகத்தை அணுகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 155255 என்ற எண்ணிலும் புகார் செய்யலாம்.

விபத்தில் பாதிக்கப்பட்டவர்கள் சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் உள்ள சிறுவழக்கு நீதிமன்றத்தில் இயங்கும் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனு செய்யலாம். விபத்து நடந்த ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும் என்கிறது சட்டம், தள்ளிப்போடாதீர்கள். மோதிய வண்டி நிற்காமல் போய்விட்டாலும் வழி இருக்கிறது: உயிரிழப்புக்கு 2 லட்சம், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாய் என 2022 ஏப்ரல் முதல் தனித் திட்டம் நடக்கிறது. தமிழக அரசின் 'இன்னுயிர் காப்போம்' திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். வக்கீல் வைக்க வசதியில்லாதவர்கள் சட்ட உதவிக்கு 15100-ஐ அழைக்கலாம்.

அரசும் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. விதிமீறல்களைப் பிரீமியத்தோடு இணைக்கலாம் என்று காப்பீட்டு ஆணையத்தின் பணிக்குழு 2021-லேயே பரிந்துரைத்தது. அதற்கு முன்னால், உரிமத்தைத் திருப்பிக் கொடுக்கும் நாளில் அதைப் பெறுபவரின் வண்டிக்கு இன்ஷூரன்ஸ் நடப்பில் இருக்கிறதா என்று ஆர்.டி.ஓ. அலுவலகம் பார்த்தால் போதும். சாரதியும் வாகனும் அரசின் தளங்கள்தான். இரண்டையும் சேர்த்துப் பார்ப்பது பெரிய வேலை இல்லை. ஒரு முறை தவறியவர் மறுபடி சாலைக்கு வரும்போது, எதிரே நடந்து வருபவருக்கு நாம் தரும் குறைந்தபட்ச உத்தரவாதம் அது. சட்டம் கேட்கும் நாள் வரும் வரை, அந்த உத்தரவாதத்தை வண்டி ஓட்டும் ஒவ்வொருவரும் தாமாகவே தர வேண்டும்.