அரசகுல வரலாற்றை எழுதுவோர் யார்? சின்னமனூர், சீனம், இஸ்ரவேல்

கம்பம் பள்ளத்தாக்கிலுள்ள சின்னமனூர், அங்குக் கிடைத்த பாண்டியர் செப்பேடுகளால் வரலாற்றில் இடம்பெற்ற ஊராகும். அவற்றுள் பெரியது, பத்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆண்ட இராசசிம்ம பாண்டியனின் கொடை ஒன்றைப் பதிவு செய்கின்றது. கொடையைக் கூறுமுன் அது குலப்பெருமையை விரித்துரைக்கின்றது. பாண்டியர் சந்திரகுலத்தவர், அகத்தியரைக் குலகுருவாகக் கொண்டவர், மகாபாரதத்தைத் தமிழ்ப்படுத்தியவர், மதுரையில் சங்கம் நிறுவியவர். ஆனால் இதே இராசசிம்மன், பின்னர்ச் சோழன் முதலாம் பராந்தகனிடம் தோற்று இலங்கைக்கு ஓடினான்; முடியை அங்கேயே விட்டுவிட்டுத் தாயின் நாடாகிய சேரநாட்டை அடைந்தான். இச்செய்தியை நாம் அறிவது இலங்கையின் சூளவம்சத்தால். அரசனே எழுதுவித்த வரலாறு புகழோடு நின்றுவிடுகின்றது. வீழ்ச்சியை எழுதப் பிறர் வேண்டியிருந்தது.

இவ்வுண்மையை நன்குணர்ந்த நாடு சீனம். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் வம்சத்தை வீழ்த்திய சௌ வம்சத்தார், அரசுரிமை என்பது வானத்தின் ஆணை என்றனர். நெறிதவறும் குலத்திடமிருந்து வானம் அவ்வாணையைத் திரும்பப் பெற்று, வேறொரு குலத்திற்கு வழங்கும் என்பது அவர்கள் கொள்கை. இதன் விளைவாக, வீழ்ந்த வம்சத்தின் வரலாற்றை அடுத்து வந்த வம்சம் எழுதுவிக்கும் மரபு வேரூன்றியது. மங்கோலியரின் யுவான் வம்சத்தை 1368இல் அகற்றிய மிங் வம்சத்தார், மறு ஆண்டிலேயே யுவான் வரலாற்றைத் தொகுக்கத் தொடங்கினர். மிங் வரலாற்றை அடுத்து வந்த சிங் வம்சத்தார் 1739இல் முடித்தனர். இவ்வாறு சேர்ந்தவை இருபத்துநான்கு வரலாறுகள் எனப்படும்.

எனினும் இதிலும் ஒரு குறையுண்டு. வென்றவன் எழுதும் வரலாறு, வீழ்ந்தவனைப் பழிப்பதன் மூலம் தன் வெற்றிக்கு நியாயம் தேடக்கூடும். ஆளும் குலமோ தன்னைப் பற்றிய தீர்ப்பை அஞ்சும். தாங் வம்சத்துப் பேரரசர் தாய்சோங், 626இல் தம் உடன்பிறந்தார் இருவரைக் கொன்று அரியணைக்கு வழி வகுத்தவர். அரசரின் நாட்குறிப்பில் தம்மைக் குறித்து எழுதப்பட்டிருப்பதைக் காண அவர் விரும்பியபோது, அதற்குப் பொறுப்பான அதிகாரி இணங்கவில்லை. பின்னர் வேறு அதிகாரிகள் வரலாற்றைச் சுருக்கி எழுதிக் காட்டினர்.

இதே தாய்சோங்தான் 635இல் அலோபென் என்னும் சிரியத் திருச்சபையின் ஊழியரை வரவேற்றவர். 781இல் அத்திருச்சபையார் நாட்டிய கற்சாசனம் தாங் பேரரசர் பலரைப் போற்றுகின்றது. உடன்பிறந்தார் கொலையைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. திருச்சபையும் அரசவைப் புலவரின் மொழியைக் கற்றுக்கொண்டது. 845இல் பேரரசர் வூசோங் பௌத்த மடங்களை ஒடுக்கியபோது கிறிஸ்தவத் துறவிகளும் துறவைக் கைவிட்டு இல்லறத்திற்குத் திரும்பக் கட்டளையிடப்பட்டனர். அரசரின் தயவில் வளர்ந்த சபை அதன்பின் அந்நாட்டில் நலிந்தது.

இங்கே திருமறையின் தனித்தன்மை விளங்குகின்றது. உம்ரி வலிமைமிக்க அரசன்; அசீரியர் இஸ்ரவேலையே அவன் பெயரால் அழைத்தனர்; மோவாபியக் கல்வெட்டும் அவன் ஆதிக்கத்தைக் குறிப்பிடுகின்றது. இராஜாக்களின் ஆகமமோ அவனுக்கு ஆறு வசனங்களே ஒதுக்குகின்றது (1 இராஜா. 16:23-28). தாவீதின் பாவத்தை எழுதியவர் பகையரசரின் புலவரல்லர், தாவீதின் சொந்த மக்களே எழுதினர் (2 சாமு. 11-12). நாளாகமம் அதனைக் கூறாது விட்டபோதிலும், திருமறைத் தொகுப்பு இரு நூல்களையும் வைத்துக்கொண்டது. சின்னமனூரில் அரசன் தன்னைப் போற்றினான்; சீனத்தில் அடுத்த வம்சம் தீர்ப்பளித்தது; இஸ்ரவேலிலோ, நாடிழந்த மக்கள் தம் அரசரின் பாவத்தையும் தம் பாவத்தையும் தாமே அறிக்கையிட்டனர். வரலாறு எழுதுவதே அவர்களுக்கு மனந்திரும்புதலாயிற்று.

இது ஆயர்களாகிய நமக்குரிய பாடமாகும். நம் சபைகளின் நூற்றாண்டு மலர்கள் எம்மரபைச் சார்ந்தவை? மிஷனெரிமார், நன்கொடையாளர், ஆலயத்தின் அளவு ஆகியன அவற்றில் நிறைந்திருக்கும். ஊர் ஊராய் நடந்த உபதேசியார், வேதாகமப் பெண்மணி, ஏலத்தோட்டக் கூலியில் காணிக்கை படைத்த குடும்பம் ஆகியோருக்கு அங்கே எத்தனை வரிகள்? ஆலயத்தில் இருக்கையும் கல்லறையும் சாதியால் பிரிக்கப்பட்டிருந்ததாயின், அது எழுதப்படுமா? எழுதினால் சபையின் பெயர் கெடும் என்பர் சிலர். தாவீதின் பாவத்தை மறைக்காத நூலைப் பலிபீடத்தருகே வைத்துக்கொண்டு நாம் அவ்வாறு கூற இயலாது. நாம் எழுதாவிடினும் பிறர் எழுதுவர். ஆனால் அப்பொழுது அது தீர்ப்பாக மட்டுமே அமையும். நாமே எழுதினால், அது மன்னிப்பை நாடும் அறிக்கையாகவும் அமையும்.