தடை எங்கே இருக்கிறது?

பகாங் மாநிலத்தின் கேமரன் மலையில், கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் பிரிஞ்சாங் நகர் அமைந்துள்ளது. அதனைச் சுற்றியுள்ள மலைச்சரிவுகளில் தேயிலைத் தோட்டங்கள் பரந்து கிடக்கின்றன. சுற்றுப்பயணிகளின் கண்களுக்கு அச்சரிவுகள் பேரழகு. ஆனால், அங்குள்ள லயன் வீடு ஒன்றில் சக்கர நாற்காலியைப் பயன்படுத்தும் சிறுவன் ஒருவன் வாழ்வதாகக் கற்பனை செய்து பாருங்கள். வாசலில் நான்கு படிகள். அதற்கப்பால் செங்குத்தான பாதை. பள்ளிப் பேருந்து நிற்கும் இடமோ தொலைவில். அவனால் பள்ளிக்குச் செல்ல இயலவில்லை என்றால், அதற்குக் காரணம் அவனுடைய கால்களா? அந்தப் படிகளா?

நெடுங்காலமாக உலகம் ‘கால்களே’ என்றுதான் விடை கூறியது. அதனால், மாற்றுத்திறனாளிகள் வீட்டுக்குள் முடங்கினர். அல்லது உற்றார் உறவினரைப் பிரிந்து தொலைதூர இல்லங்களில் வளர்ந்தனர். இந்நிலையை எதிர்த்துப் பல நாடுகளிலும் மாற்றுத்திறனாளிகளே குரல் எழுப்பினர். அதன் பயனாக, ஐக்கிய நாட்டுச் சபை 2006 டிசம்பர் 13-இல் மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளுக்கான ஒப்பந்தத்தை ஏற்றுக்கொண்டது. கல்வி, வேலை, போக்குவரத்து ஆகியவை பிறர் இரக்கப்பட்டுத் தரும் உதவிகள் அல்ல. அவை உரிமைகள் என்பதே அதன் சாரம். நாடுகள் ஒன்றுக்கொன்று துணைநிற்க வேண்டும் என்பதையும் அதன் 32-ஆவது பிரிவு வலியுறுத்துகிறது. மலேசியா 2008-இல் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தை இயற்றியது. 2010-இல் இவ்வொப்பந்தத்தை உறுதிப்படுத்தியது.

அனைத்துலக ஒத்துழைப்பு என்றதும் பணஉதவியே பலருடைய நினைவுக்கு வரும். உண்மையில், அனுபவமும் வழிமுறையும் எல்லை கடந்து வருவதே அதன் பெரும்பயன். மறுவாழ்வுச் சேவை மக்கள் வாழும் இடத்திலேயே கிடைக்க வேண்டும் என்னும் கருத்தை, 1978-இல் நடைபெற்ற அல்மா அத்தா மாநாட்டுக்குப் பிறகு உலகச் சுகாதார நிறுவனம் பரப்பியது. அக்கருத்தை மலேசியா 1984-இல் திரங்கானு மாநிலத்தின் பத்து ராக்கிட் என்னும் ஊரில் செயல்படுத்தத் தொடங்கியது. அதுவே பி.டி.கே. எனப்படும் சமூக மறுவாழ்வுத் திட்டத்தின் தொடக்கமாகும். இன்று சமூகநல இலாகாவின் கீழ் 500-க்கும் மேற்பட்ட நிலையங்கள் இயங்குகின்றன. அங்கே பிள்ளைகள் உடலியக்கப் பயிற்சி பெறுகின்றனர்; பேசவும் எழுதவும் தம் வேலைகளைத் தாமே செய்யவும் பழகுகின்றனர். நிலையத்திற்கு வர இயலாதோரின் வீட்டுக்கே சென்று பயிற்சி அளிக்கும் முறையும் உண்டு. பெற்றோரும் ஊர் மக்களும் இப்பணியில் பங்கேற்கின்றனர்.

பள்ளிப் பருவம் முடிந்தபின் வேலை வேண்டுமல்லவா? 2005 முதல் ஜைக்கா எனப்படும் ஜப்பானிய அனைத்துலக ஒத்துழைப்பு நிறுவனம் சமூகநல இலாகாவுடன் இணைந்து பணியாற்றியது. அதன் வழி, பணியிடப் பயிற்றுநர் முறை இங்கு வேரூன்றியது. பயிற்றுநர் மாற்றுத்திறனாளியுடன் பணியிடத்திற்கே செல்வார். ஒரு வேலையைச் சிறுசிறு படிநிலைகளாகப் பிரித்துக் கற்றுக்கொடுப்பார். முதலாளியும் சக ஊழியர்களும் எவ்வாறு துணைநிற்கலாம் என்றும் விளக்குவார். வேலை பழகப் பழக, அவர் மெல்ல மெல்ல விலகிக்கொள்வார். ஊழியர் தம் உழைப்பால் தலைநிமிர்ந்து நிற்பார்.

மீண்டும் பிரிஞ்சாங்கிற்கு வருவோம். மாற்றுத்திறன் கொண்ட எந்த மாணவரையும் பள்ளிகள் திருப்பி அனுப்பக்கூடாது என்னும் கொள்கையைக் கல்வி அமைச்சு 2019 முதல் நடைமுறைப்படுத்தியுள்ளது. எனினும், ஜெனிவாவிலும் தோக்கியோவிலும் உருவான நல்ல கருத்துகள் அந்த நான்கு படிகளைத் தாமாகவே அகற்றிவிடா. படிகளுக்குப் பக்கத்தில் ஒரு சாய்தளம் அமைக்கத் தோட்ட மக்கள் முன்வர வேண்டும். அவனுடைய வகுப்பறையைத் தரைத்தளத்திற்கு மாற்றப் பள்ளி முன்வர வேண்டும். ஓய்வு நேரத்தில் அவனையும் விளையாட்டில் சேர்த்துக்கொள்ள நண்பர்கள் முன்வர வேண்டும். உலக நாடுகள் தொடங்கிய பணியை நிறைவுசெய்வது அக்கம்பக்கத்தார் கையில்தான் உள்ளது. உங்கள் பள்ளியின் வாசலில் எத்தனை படிகள் உள்ளன? இன்றே எண்ணிப் பாருங்கள்.