பனங்காற்றும் தும்பியும்: கசாக்கின் வழியே நாவல் உத்திகளை அறிதல்

நாவலைப் பாடமாகப் பயிலும் மாணவர் பலருக்கும் உருவகம், குறியீடு, நோக்குநிலை, முரண்நகை முதலான சொற்கள் தேர்வுத்தாளில் வரையறை எழுதுவதற்கு உரியவையாகவே அறிமுகமாகின்றன. நூலில் அவை எங்கெங்கு வருகின்றன என்று அடிக்கோடிட்டுவிட்டால் படிப்பு முடிந்தது என்னும் எண்ணமும் அதனுடன் சேர்ந்தே வளர்கிறது. உண்மையில் இலக்கிய உத்தி என்பது கதையை எழுதி முடித்தபின் மேலே பூசப்படும் அணி அன்று. நேராகச் சொன்னால் பொருள் குன்றிவிடும் ஒன்றைக் குன்றாமல் சொல்வதற்கு எழுத்தாளர் கண்டெடுக்கும் வழியே அது. ஆகவே ஓர் உத்தியின் பெயரை அறிவதைவிட, அது அந்த இடத்தில் என்ன வேலை செய்கிறது என்று கேட்பதே நாவல் படிப்பின் தொடக்கம். அவ்வாறு கேட்டுப் பழகுவதற்குக் பாலக்காட்டை அடுத்த கொல்லங்கோட்டுப் பக்கத்து வாசகர்களுக்குத் தொலைவில் உள்ள நூல் எதுவும் வேண்டியதில்லை. மலையாள எழுத்தாளர் ஓ. வி. விஜயனின் ‘கசாக்கின் இதிகாசம்’ அவர்கள் மண்ணிலேயே விளைந்த நாவல்.

பாலக்காட்டு நகரத்துக்கும் கொல்லங்கோட்டுக்கும் இடைப்பட்ட நிலப்பரப்பில் உள்ள தஸ்ராக் என்னும் சிற்றூரின் ஓராசிரியர் பள்ளியில் விஜயனின் தங்கை 1956இல் ஆசிரியராகப் பணியேற்றபோது அவருடன் சென்று தங்கிய விஜயன், அவ்வூரைக் கசாக் என்னும் புனைவூராக மாற்றி ஏறத்தாழப் பன்னிரண்டு ஆண்டுகள் எழுதினார். அது 1968இல் மாத்ருபூமி வார இதழில் தொடராக வந்து, 1969இல் நூலாயிற்று. யூமா வாசுகியின் தமிழாக்கம் மொழிபெயர்ப்புக்கான சாகித்திய அகாதமி விருதைப் பெற்றதால் தமிழ் வாசகர்களுக்கும் அது அயல் நூலாக இல்லை.

இந்நாவலில் முதலில் கவனிக்க வேண்டியது களம். நிகழ்ச்சிகள் நடக்கும் இடமும் காலமும் மட்டுமே களம் என்று பாடநூல்கள் சுருக்கிச் சொல்லும். தொல்காப்பியம் வகுத்த பொருளிலக்கணம் இதைவிட ஆழமாகச் செல்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், பறவை, தொழில், தெய்வம் போன்றவை கருப்பொருள். அவற்றின் நடுவே மனிதர் அடையும் உணர்ச்சி உரிப்பொருள். கருப்பொருளைச் சொல்வதன் வாயிலாகவே உரிப்பொருளை உணர்த்திவிடும் முறைக்கு உள்ளுறை என்று பெயர். தெற்கே நெல்லியாம்பதி மலைச்சுவரும் வடக்கே மேற்குத் தொடர்ச்சி மலையின் மறுகூறும் நிற்க, இடையிலுள்ள கணவாய் வழியே புகுந்து பனைமரங்களை ஓயாமல் ஒலிக்கச் செய்யும் காற்றைக் கொல்லங்கோட்டார் நன்கு அறிவர். நாவலில் அக்காற்று வெறும் வானிலைச் செய்தியாக வருவதில்லை. எங்கும் வேர்கொள்ள முடியாத ரவி என்னும் ஆசிரியனின் அமைதியின்மை அதில் கேட்கிறது. செதலி மலை, பனை, வயல், குளம் ஆகிய கருப்பொருள்களை நீக்கிவிட்டு ரவியின் மனத்தை மட்டும் தனியே எடுத்துக் காட்ட எவராலும் இயலாது.

அடுத்து உருவகமும் குறியீடும். ஒன்றைப் போல மற்றொன்று என்பது உவமை. அதுவே இது என்று ஒன்றாக்கிவிடுவது உருவகம். அம்மைக் கொப்புளத்தை முத்து என்று சொல்லும் தமிழர் அன்றாடப் பேச்சிலேயே உருவகத்தைக் கையாளுகின்றனர். கசாக்கில் அம்மை நோய் பரவும் பகுதியில் விஜயனும் கொப்புளங்களைப் பூக்களாக மலரச் செய்து, அச்சமும் பக்தியும் பிரிக்க முடியாதவாறு கலந்த ஊர் மனநிலையை அந்த ஒரே உருவகத்தில் நிறுத்துகிறார்.

குறியீடு இவற்றினும் மெதுவாக உருவாவது. கதைக்குள் மெய்யான பொருளாக இருந்துகொண்டே, மீண்டும் மீண்டும் தோன்றித் தன்னைக் கடந்த பொருளையும் ஏற்றுக்கொள்வது குறியீடு. வயதில் வளர்ந்தும் மனத்தில் குழந்தையாகவே இருக்கும் அப்புக்கிளி தும்பிகளைத் துரத்திப் பிடித்து நூலில் கட்டித் திரிகிறான். முதலில் இது கிராமத்துப் பிள்ளைகள் எல்லாரும் ஆடும் விளையாட்டாகவே தோன்றும். தும்பிகள் இறந்தவர்களின் நினைவுகள் என்னும் ஊர் நம்பிக்கையை நாவல் சொன்னபின் அதே காட்சி வேறாகிவிடுகிறது. ஊரே மறந்துவிட்டவர்களின் நினைவை, நினைவு என்றால் என்னவென்று அறியாத ஒருவன் கையில் பிடித்துக்கொண்டு நடக்கிறான். கடந்ததை மறக்க ஊர்விட்டு ஊர் வந்த ரவி அதைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். தும்பி என்றால் நினைவு என்று ஒரு சமன்பாடாக எழுதி முடிக்கும் மாணவர் இந்த இரண்டாம் அடுக்கை இழந்துவிடுகிறார். ஒரு பொருள் குறியீடுதானா என்று ஐயம் எழுந்தால், அது திரும்ப வருகிறதா, வரும்தோறும் பொருள் கூடுகிறதா, கதைமாந்தரின் வாழ்வில் அதற்கு இயல்பான இடம் இருக்கிறதா என்று பார்க்கலாம். இம்மூன்றும் இல்லாத இடத்தில் குறியீட்டைத் தேடிப் பிடிப்பது வீண் வேலை.

பின்னர் நிகழப்போவதற்கு முன்னரே தடம் வைத்துச் செல்வது முன்னுணர்த்தல் எனப்படும். சிலப்பதிகாரத்தில் இந்திரவிழா நாளில் கண்ணகியின் இடக்கண்ணும் மாதவியின் வலக்கண்ணும் துடிப்பதாக இளங்கோவடிகள் அமைத்திருப்பது தமிழில் இதற்குத் தலைசிறந்த சான்று. விஜயன் இதையே வேறு முறையில் செய்கிறார். கூமன்காவில் பேருந்திலிருந்து இறங்கும் ரவிக்கு அவ்விடம் புதியதாகத் தோன்றவில்லை என்று நாவல் தொடங்குகிறது. அதே கூமன்காவில் மழையில் பேருந்துக்குக் காத்திருக்கையில் பாம்பு தீண்டுவதோடு முடிகிறது. முதல் படிப்பில் தொடக்கம் சோர்ந்த பயணி ஒருவனின் மனமயக்கமாகத் தெரியும். முழுவதும் படித்தபின் திரும்பினால், அவன் தன் முடிவுக்கே வந்து இறங்கியிருக்கிறான் என்பது புலனாகும். நல்ல நாவலை இருமுறை படிக்க வேண்டும் என்று ஆசிரியர்கள் வற்புறுத்துவதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

காலத்தைப் பின்னோக்கி நகர்த்தும் உத்தியும் இங்குண்டு. ரவி தாம்பரத்துக் கல்லூரிப் படிப்பை முடிக்காமல் விட்டதும், சிற்றன்னையுடனான உறவு தந்த குற்றவுணர்வும் ஒரே இடத்தில் சொல்லப்படாமல் சிறு துண்டுகளாக வருகின்றன. மனம் உறுத்தலை ஒரே மூச்சில் நினைத்துப் பார்ப்பதில்லை என்பதால் இந்த அமைப்பு உண்மைக்கு நெருக்கமாகிறது.

நோக்குநிலை என்பது கதை யாருடைய கண்வழி, எந்தத் தொலைவிலிருந்து சொல்லப்படுகிறது என்பதைக் குறிக்கும். ஆயிரத்தொரு குதிரைகளுடன் வந்த செய்யது மியான் ஷெய்கு, நொண்டிப்போன குதிரை ஒன்றின் பொருட்டுப் படையை நிறுத்தியதால் கசாக் உண்டானது என்னும் தொன்மத்தைக் கதைசொல்லி மெய்யென்று உறுதிசெய்வதும் இல்லை, மூடநம்பிக்கை என்று ஒதுக்குவதும் இல்லை. இயற்பியல் கற்ற ரவியின் அறிவும் ராவுத்தர்களின் நம்பிக்கையும் ஒரே தளத்தில் நிற்பதற்கு இந்த நடுநிலையே காரணம். நாவலின் பெயரில் இதிகாசம் என்னும் சொல் நிற்பதும் இதனால் பொருந்துகிறது. ரவியின் புதிய பள்ளியை எதிர்க்கும் ஊர் மதகுரு அல்லாப்பிச்சா மொல்லாக்காவுக்கு எதிராக, அவர் எடுத்து வளர்த்த நைஜாம் அலியே நிற்பது முரண்நகை, அதாவது நினைத்ததற்கு நேர்மாறாக விளைவு அமைவது. இங்கே அது சிரிப்பை அன்றி இரக்கத்தையே எழுப்புகிறது.

வட்டார வழக்கையும் தனியே கவனிக்க வேண்டும். தமிழும் மலையாளமும் கலந்து புழங்கும் பாலக்காட்டுப் பேச்சில் கதைமாந்தரை விஜயன் பேசவிட்டபோது, செம்மை செய்யப்பட்ட மலையாளத்தால் எட்ட முடியாத நெருக்கம் உரையாடலுக்கு வந்தது. கொல்லங்கோடு, முதலமடை, கோவிந்தாபுரம் வட்டாரங்களில் இரு மொழியும் கேட்டு வளர்ந்த மாணவர் இதை விளக்கவுரை இன்றியே உணர்வர் என்பதால், இந்நாவலை வகுப்பில் வைக்கும் ஆசிரியர்கள் உரையாடல்களை முதலில் வாய்விட்டுப் படிக்கச் செய்து, உத்திகளின் பெயர்களைப் பின்னர் அறிமுகப்படுத்துவதே தக்கது.